கதையும் காரணச் சுழலும்

கதை என்றவுடன் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே நம்மிற் பலர்க்கும் எழுகின்றது. பாட்டி சொல்லும் கதை குழந்தையை உறங்கச் செய்தற்கும், திண்ணையிற் சொல்லும் கதை பெரியோர் பொழுதைக் கழித்தற்கும் உரியன என்றும், அறிவை வளர்த்தற்கு உரியன கணக்கும் அட்டவணையும் சோதனைச்சாலையுமே என்றும் கல்லூரி மாணவர் கருதுவது இயல்பு. அவ்வெண்ணம் முழுவதும் பிழையன்று. ஆயினும், ஒருவகை உண்மைகள் உலகத்தில் உள்ளன. அவை அட்டவணைக்குள் அடங்கினும் மனத்துக்குள் அடங்குவதில்லை; கதையாகச் சொன்னாலன்றி அவற்றின் முழு உருவம் நமக்குப் புலப்படுவதில்லை. அவ்வுண்மைகள் யாவை, கதை அவற்றை எவ்வாறு விளக்குகின்றது, விளக்குங்கால் எங்கே வழுக்கக்கூடும் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்றை நம் வாசகர் அறிவர். தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவ்வீரனையும் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசனிடம் சென்று குற்றஞ் சாட்டவில்லை. ஒரு கதை சொன்னான். மந்தை மந்தையாக ஆடுகளை உடைய செல்வன் ஒருவன், தன் வீட்டுக்கு வந்த விருந்தினனுக்காக, ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்து வந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துச் சமைத்தான் என்பது அக்கதை. கேட்ட தாவீது சினந்து, அச்செல்வன் சாகத்தக்கவன் என்று தீர்ப்பளித்தான். அச்செல்வன் வேறு யாருமல்லன், தீர்ப்பளித்த அரசனே என்பதை நாத்தான் அதன்பின் உணர்த்தினான்.

தாவீது அறியாத செய்தி எதுவும் அக்கதையில் இல்லை. செய்தவனும் அவனே, மறைத்தவனும் அவனே. ஆயினும், தன் அரியணையில் அமர்ந்து பார்த்தபோது காணாத ஒன்றைக் கதைக்குள் நின்று பார்த்தபோது கண்டான். ஒருவன் செய்த செயலின் விளைவை அவனிடமே திருப்பிக் கொணர்ந்து நிறுத்தும் ஆற்றல் கதைக்கு உண்டு. இந்த ஆற்றலே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உயிர்நிலையாவது.

இனி, அமைப்பு என்பது யாதெனக் காண்போம். நெற்குவியல் ஒன்றை இரண்டாகப் பகுத்தால் இரண்டு சிறு குவியல்கள் கிடைக்கும். கிணற்றில் நீரிறைக்கும் ஏற்றத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு சிறு ஏற்றங்கள் கிடைப்பதில்லை, விறகுதான் கிடைக்கும். குவியலில் மணிகள் ஒன்றையொன்று பற்றாது கிடக்கின்றன. ஏற்றத்திலோ, துலாவும் கயிறும் சாலும் மிதிக்கும் ஆளும் ஒன்றன் செயலை ஒன்று பற்றி நிற்கின்றன. இவ்வாறு உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி நின்று, தனித்தனியே செய்ய இயலாத ஒரு செயலைக் கூட்டாகச் செய்யுமாயின், அதனை அமைப்பு என்கிறோம். காடும், கடைத்தெருவும், குடும்பமும், நம் உடலும் அமைப்புகளே. உறுப்புகளைத் தனித்தனியே ஆராய்வதோடு அமையாது, அவற்றின் பிணைப்பையும் ஆராய்வதே அமைப்பு நோக்கு எனப்படும்.

அமைப்புகளைப் பற்றி முதற்கண் அறியத்தக்கவை மூன்று. அவை இருப்பு, சுழல், தாமதம் என்பன. ஓர் ஏரியைக் கொண்டு இவற்றை விளக்கலாம். ஏரியில் நிற்கும் நீர் இருப்பு. வாய்க்கால் வழியாக வருவது வரவு. மதகு வழியாகச் செல்வது செலவு. நீர் நிறைந்திருத்தலைக் கண்டு உழவர் மிகுதியாக நெல் நடுகின்றனர். மிகுதியாக நட்டமையால் நீர் விரைந்து குறைகின்றது. குறைந்தமை கண்டு அடுத்த முறை சுருக்கி நடுகின்றனர். காரணத்திலிருந்து காரியம் பிறந்து, அக்காரியமே மீண்டும் காரணமாகி வருதலின் இது சுழல் ஆயிற்று. இச்சுழல் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அடக்கிச் சமன்செய்வது. வட்டிக்கு வட்டி ஏறுங் கடனோ, பெருக்கும் சுழலுக்கு எடுத்துக்காட்டாகும். மூன்றாவது, தாமதம். வரவு அற்றுப் போன பின்னும் ஏரி பல நாள்வரை நிறைந்தே தோன்றும். கண்ணுக்கு நிறைவு தோன்றும் அந்நாட்களிலேயே கேடு தொடங்கிவிடுகின்றது.

இத்துறைக்கு அடிகோலியவருள் ஒருவர், அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே பாரஸ்டர் (1918-2016) என்பவர். மின்பொறியியலில் வல்லவராகிய அவர், 1956இல் அக்கழகத்தின் வாணிக மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அக்காலத்தில் பெரிய மின்சாதன நிறுவனம் ஒன்றின் அலுவலர் அவரிடம் ஒரு புதிரைக் கூறினர். கென்டக்கி மாகாணத்திலிருந்த அவர்தம் தொழிற்சாலைகளில் சில காலம் இரவு பகலாக ஆட்கள் வேலை செய்வர். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப்பேர் வேலையிழந்து நிற்பர். நாட்டு வாணிகத்தின் ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம் என்பது பொதுவான விடை. பாரஸ்டர் அவ்விடையில் நிறைவு பெறவில்லை. சரக்கிருப்பு இவ்வளவாயின் ஆட்களை எவ்வாறு சேர்ப்பீர், கேள்வி இவ்வளவாயின் எவ்வளவு செய்விப்பீர் என்று வினவி, அவர்கள் கூறிய விதிகளைக் காகிதத்தில் எழுதி, பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்கிட்டுச் சென்றார். வெளியிலிருந்து வரும் கேள்வி ஒரே சீராக இருப்பினும், அவர்கள் விதிகளே வேலையாட்களின் தொகையை ஏற்றியும் இறக்கியும் ஊசலாடச் செய்யும் என்பது அதனால் வெளியாயிற்று. பழியைச் சந்தையின்மேற் போட்டவரிடமே அதன் தோற்றுவாய் இருந்தது.

இவ்வுண்மையைப் பிறர்க்கு உணர்த்துதற்குப் பாரஸ்டர் குழுவினர் ஒரு விளையாட்டை அமைத்தனர். பீர் என்னும் மதுவின் பெயரால் அது வழங்குகின்றது. நம் கல்லூரிக்கு ஏற்ப அதனை அரிசி மூட்டை எனக் கொள்வோம். நால்வர் வரிசையாக அமர்வர். ஒருவர் சில்லறை வணிகர், ஒருவர் மொத்த வணிகர், ஒருவர் மண்டிக்காரர், ஒருவர் ஆலைக்காரர். ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ளவரிடமிருந்து கேள்வி பெற்று, பின்னுள்ளவரிடம் சரக்குக் கேட்பர். சரக்கு வந்துசேரச் சில வாரம் பிடிக்கும். ஒருவரோடொருவர் பேசலாகாது. சில வாரங்கள் வாரத்திற்கு நான்கு மூட்டை என்றிருந்த கேள்வி, ஒருமுறை எட்டாகின்றது. பின்பு ஆட்ட முடிவுவரை எட்டாகவே நிற்கின்றது. நிகழ்ந்த மாறுதல் இவ்வொன்றே. ஆயினும், நால்வரும் முதலில் சரக்கின்றித் தவித்து, அஞ்சி மேன்மேலும் கேட்டு, பின்பு எல்லாம் ஒருங்கே வந்து குவிய, வைக்க இடமின்றித் திகைக்கின்றனர். வாடிக்கையாளரின் கேள்வி எவ்வாறு மாறியிருக்கும் என்று ஆட்டமுடிவில் கேட்டால், பெரும்பாலோர் அலையலையாக ஏறியிறங்கும் கோடு ஒன்றை வரைகின்றனர். உண்மைக் கோடு ஒரே ஒரு படி ஏறியதைக் காட்டும்போதுதான், அலையைத் தோற்றுவித்தவர் தாமே என்பதை உணர்கின்றனர்.

இந்த ஆட்டம் நடித்துக் காட்டப்படும் கதையே அன்றோ? ஒவ்வொரு பாத்திரமும் தன் இருக்கையில் அறிவுடையதையே செய்கின்றது. கொடியோன் ஒருவனும் இல்லை. கேடு மட்டும் விளைகின்றது. சரக்கின் தாமதத்தைப் படத்தில் ஓர் அம்புக்குறியாக வரைந்து காட்டினால் மாணவன் தலையசைப்பான். சரக்கு வாராத வாரங்களில் தானே அமர்ந்து அஞ்சினாலன்றி அத்தாமதம் இன்னதென்று அறியான். படம் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் காட்டுகின்றது. கதையோ காலத்தின் வழியே நடக்கின்றது. அமைப்பும் காலத்தின் வழியே நடப்பதாகலின், அதற்குக் கதை பொருத்தமான கருவியாகின்றது.

நிற்க. விளையாட்டில் நட்டமாவது காகிதக் காசு. மெய்யான உயிர்கள் நட்டமான அமைப்பு ஒன்றன் கதையை இனிக் கூறுவோம். அது பாறுகளின் கதை. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் இகழும் பறவைக்குப் பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர்.

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலுள்ள பெரிய கொன்றுண்ணிப் பறவையினங்களுள் மிகுதியான தொகையுடையதாக எண்ணப்பட்டது. வடநாட்டு ஊர்ப்புறங்களில் மாடு இறந்தால், தோலை உரித்தெடுத்தபின் உடலை வெளியில் இடுவர். பாறுகள் கூட்டமாக இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் எஞ்ச விடும். 1990களில் இராசத்தான் மாகாணத்துப் பரத்பூர்ச் சரணாலயத்தில் இப்பறவைகள் அருகி வருவதை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டு எழுதினார். 1992இல் ஆயிரமாக இருந்தவை 2007இல் ஒன்றாகக் குறைந்தன என்று பின்னர் நாடு தழுவிய கணக்கெடுப்பால் விளங்கிற்று. வேறிரு பாறினங்களும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் அழிந்தன.

முதலில் ஆராய்ச்சியாளர் தொற்றுநோய் ஒன்றையே ஐயுற்றனர். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின்மேல் வெண்ணிறமான யூரிக அமிலம் படிந்திருந்தது. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் கிருமியைக் காணாமையால், கதையைப் பின்னோக்கிச் சொல்லத் தொடங்கினர். பாறு உண்பது யாது? இறந்த கால்நடை. கால்நடை இறக்கும் முன் உண்டது யாது? மருந்து. அம்மருந்துகளுள் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது யாது? கால்நடை வைத்தியரையும் மருந்து விற்போரையும் வினவியதில், டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி அகப்பட்டது. உள்ளுறுப்புகளில் வெண்படிவு கொண்டு இறந்த 25 பாறுகளைச் சோதித்தனர். 25இலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 பாறுகளுள் ஒன்றிலும் இல்லை. மருந்துண்ட கால்நடையின் ஊனைப் பாறுகளுக்கு ஊட்டிப் பார்த்த சோதனையும் இம்முடிபையே வலியுறுத்திற்று. 2004இல் இது வெளியாயிற்று.

இதனை ஒரு வரியில் எழுதினால், மாட்டு மருந்தால் கழுகு அழிந்தது என்று முடியும். அவ்வரி பொய்யன்று, ஆயினும் அமைப்பு அதில் இல்லை. அதனைக் காண, ஒரே கதையைப் பல வாய்களால் கேட்டல் வேண்டும்.

உழவன் வாயால் கேட்போம். அவன் மாடு கால்வீங்கி நொண்டுகின்றது. 1990களில் அம்மருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கிற்று. ஊசி போட்டான், மாடு எழுந்து நடந்தது. அவன் கதை இன்பமாக முடிந்தது. ஆதலின் அடுத்த முறையும் அதனையே வாங்குவான். சிலவேளை மாடு பிழைப்பதில்லை. அதனை ஊர்ப்புறத்தே இழுத்துப் போடுகின்றான். பாறு உண்டு, நெடுந்தொலைவு பறந்து, சில நாட்களிற் சாகின்றது. அச்சாவை உழவன் காண்பதில்லை.

பாறு பேசுமாயின் இவ்வாறு கூறும்: எம் முன்னோர் உண்டதையே யாம் உண்டோம். அழுகிய ஊனிலுள்ள கிருமிகளை அழிக்கும் வன்மை எம் வயிற்றுக்கு உண்டு. இப்புதிய மருந்தைத் தாங்கும் வன்மை எம் சிறுநீரகத்துக்கு இல்லை. யாம் கூட்டமாக உண்பேம்; ஆதலின் நஞ்சுடைய ஓருடல் எம்மிற் பலரைக் கொல்லும். யாம் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவேம். ஆதலின் மடிந்தோரின் இடம் விரைவில் நிரம்பாது.

இக்கூற்றில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. நூறு உடல்களுள் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருப்பினும் பாறினம் அழிதற்குப் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். உறுப்பை மட்டும் பார்ப்பவன், நூற்றில் ஒன்றுதானே என்று அமைவான். பிணைப்பைப் பார்ப்பவனே அஞ்சுவான்.

நாயின் வாய்மொழி சுருக்கமானது: ஊன் கிடந்தது, உண்டேம், குட்டிகள் பிழைத்தன. முன்பு பாறுகள் சிறிது நேரத்தில் முடித்துவிட்ட உணவு, இப்பொழுது பல நாட்கள் கிடந்தது. நாய்கள் பெருகின. இனி, தொலைவிலுள்ள நகரத்துத் தாய் ஒருத்தியைக் கேட்போம். அவள் குழந்தையை நாய் கடித்தது. வெறிநோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. அவள் கதையில் நாய் ஒன்றே உண்டு. மாடும் மருந்தும் பாறும் இல்லை. மும்பையிலுள்ள பார்சி முதியவர் ஒருவரைக் கேட்போம். தம் முன்னோர் முறைப்படி இறந்தோர் உடலை மௌனக் கோபுரத்தில் வைத்தால், பாறுகள் வருவதில்லை. உடலை உலர்த்தச் சூரியவொளியைக் குவிக்கும் கருவிகளை அங்கே வைக்கவேண்டிய நிலை வந்துற்றது.

இவருள் கொடியோர் யார்? ஒருவருமில்லை. ஆயினும் விளைந்த கேட்டின் அளவைக் காண்மின். பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் இயல்பாகவே குறைந்திருந்த மாவட்டங்களையும் ஒப்புநோக்கி, ஐயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2024இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பாறுகள் வாழ்தற்கேற்ற மாவட்டங்களில் மக்களின் சாவுவீதம் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் உயர்ந்தது என்றும், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மிகுதியாக இறந்தனர் என்றும் அவர்கள் மதிப்பிடுகின்றனர். நாய்க்கடியும், நீர்நிலைகளில் அழுகிய ஊன் கலத்தலும் அதற்கு வழிகளாக அவர்களாற் கூறப்படுகின்றன.

இவ்வமைப்பில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஏரியில் நீர் குறைந்தால், மிகுதியாக நட்ட உழவனே அதனைக் காண்பான், கண்டு திருந்துவான். பாறுகளின் கதையிலோ, மருந்தால் விளைந்த நன்மை உடனே உழவனிடம் திரும்பிற்று. தீமை நெடுந்தொலைவு சென்று, பல ஆண்டு தாழ்த்து, முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்கு வந்தது. நன்மையின் சுழல் முற்றுப்பெற்றது. தீமையின் சுழல் அறுந்து கிடந்தது. அறுந்த அவ்விடத்தை இணைத்தற்கு இயற்கையில் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டறிந்து, உழவனுக்கும் வைத்தியருக்கும் அரசாங்கத்தாருக்கும் சொன்ன கதையே அவ்விடத்தை இணைத்தது. நாத்தான் தாவீதுக்குச் செய்ததும் இதுவே. திரும்பி வாராத விளைவைத் திருப்பிக் கொணர்ந்து செய்தவன் கண்முன் நிறுத்தும் தூதனாகக் கதை தொண்டாற்றுகின்றது.

பல வாய்களால் கதை கேட்டதன் பயன், பரிகாரம் தேடும்போதும் வெளிப்படுகின்றது. கொடியோன் ஒருவனைத் தேடுங் கதையாயின், உழவனைத் தண்டி என்று முடியும். உழவனின் கதையையும் கேட்டவர் அவ்வாறு முடிக்க இயலாது. மாட்டின் நோவைத் தீர்க்க விரும்புதல் குற்றமன்று. ஆகவே, நோவையும் தீர்த்துப் பாறையும் கொல்லாத மருந்து யாது என்று வினவினர். மெலாக்சிகம் என்பது பாறுகளுக்கு ஊறு செய்வதில்லை என 2006இல் சோதித்துக் கண்டனர். அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அவ்வாறே செய்தன.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. சட்டமும் அமைப்புக்குள் புகுந்த ஓர் உறுப்பேயாதலின், பிற உறுப்புகள் அதற்கேற்ப நகர்ந்தன. மனிதர்க்கென விற்கப்பட்ட பெரிய மருந்துப் புட்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குச் சென்றன. அதனைக் கண்டு, 2015இல் மனிதர்க்கான ஊசிமருந்தையும் 3 மில்லிலிட்டர் கொண்ட சிறு புட்டிகளிலேயே விற்றல் வேண்டும் என விதித்தனர். மாடொன்றுக்குப் பல புட்டிகளை உடைத்தல் இடரும் செலவுமாகுமன்றோ? அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் என்னும் வேறு மருந்துகளும் தீங்கு செய்வன என விளங்கவே, கால்நடைக்கு அவற்றையும் 2023இல் தடுத்தனர். ஒவ்வொரு பரிகாரத்துக்குப் பின்னும், அதன்பின் யாது நிகழும் என்று கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஏற்ற சான்றாம். குழந்தைகள் கதை கேட்கும்போது, ‘அப்புறம்?’ என்று விடாது வினவும் வினாவே அமைப்பு நோக்கின் முதற்பாடம்.

இனி, கதையால் வரும் கேட்டையும் மறைத்தலாகாது. அழகிய கதை உண்மையை விழுங்கிவிடவும் கூடும். போர்னியோத் தீவைப் பற்றிய கதை ஒன்று பல நாடுகளிலும் வழங்குகின்றது. மலேரியாவை ஒழிக்கப் பூச்சிமருந்து தெளித்தனர், மருந்துண்ட பூச்சிகளைப் பல்லிகள் உண்டன, பல்லிகளைப் பூனைகள் உண்டு மாண்டன, எலிகள் பெருகின, பின்பு ஆயிரக்கணக்கான பூனைகளை வானூர்தியிலிருந்து குடைகட்டி இறக்கினர் என்பது அக்கதை. 1950களில் அங்கே மருந்து தெளித்தது மெய். 1960இல் சரவாக் மலைநாட்டில் வானூர்தியிலிருந்து பூனைகளை இறக்கியதும் மெய். இடையிலுள்ள கண்ணிகள் சிலவோ உறுதிப்படாதவை. பூனைகளின் தொகை சொல்வோர் வாய்தோறும் வளர்ந்து பதினான்காயிரம் வரை சென்றது. கதை சங்கிலியாகலின், ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். பாறுகளின் கதையிலும் கண்ணிகள் எல்லாம் ஒரே வலிமை உடையன அல்ல. மருந்து பாறைக் கொல்லும் என்பது சோதனையால் நிறுவப்பட்டது. மக்கட்சாவின் தொகையோ கணக்கியலால் மதிப்பிடப்பட்டது. இவ்வேறுபாட்டைச் சொல்லிச் செல்லும் கதையே கற்றோர்க்குத் தக்கது.

அமைப்பை விளக்கும் கதைக்குரிய இலக்கணத்தை இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஐந்தாகத் தொகுக்கலாம். முன்னோக்கி, அப்புறம் யாது என்றும், பின்னோக்கி, இதற்கு முன் யாது என்றும் வினவுக. ஒரே செய்தியை அதிற் பங்குடைய ஒவ்வொருவர் வாயாலும் சொல்லுக. ஒருவரையும் கொடியோராக்காது சொல்ல முயல்க. எவ்விளைவு செய்தவரிடம் திரும்பி வாராது அறுந்து நிற்கின்றது என்று தேடுக. ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று யாது என்று கேட்க. கொடியோரே உலகில் இல்லை என்பது எம் கருத்தன்று. கொடியோரைக் கண்ட அளவில் தேடலை நிறுத்துவோர் அமைப்பைக் காணார் என்பதே கருத்து.

நம் கல்லூரிகளில் விலங்கியல் ஓரிடத்தும், வேதியியல் ஓரிடத்தும், பொருளியல் ஓரிடத்தும், தமிழ் ஓரிடத்தும் கற்பிக்கப்படுகின்றன. பாறுகளின் கதை இந்நான்கு வகுப்புகளிலும் புகுந்து செல்வது. சிறுநீரகத்தை அறிந்தவர் மருந்தின் விலையை அறியார். விலையை அறிந்தவர் நாயின் பெருக்கத்தை அறியார். நால்வரும் கூடினும், பேசுதற்குப் பொதுவான ஒரு மொழி வேண்டும். கதையே அம்மொழி. ஆதலின் மாணவர் மன்றங்கள் ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஊரறிந்த ஒரு பொருளை, ஏரியில் வந்து சேரும் கழிவுநீரையோ, விடுதியில் வீணாகும் உணவையோ எடுத்துக்கொண்டு, பல துறை மாணவரும் ஆளுக்கு ஒரு வாயாக அதனைச் சொல்லிப் பார்த்தல் நன்று. உணவைப் பற்றியதாயின், சமையற்காரரும், கணக்கரும், பசியோடு தாழ்த்து வரும் மாணவரும், தொட்டியைக் கழுவுவோரும் பேசுக. தொட்டியைக் கழுவுவோர் காண்பதைக் கணக்கர் காண்பதுண்டா என்பது அங்கே முதல் வினாவாகும்.

சடாயுவைப் போற்றிய நாடு நம்முடையது. செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில், நண்பகலில் வந்து அருச்சகர் கையால் பொங்கலுண்ட இரு கழுகுகளைக் காண மக்கள் திரண்ட காலம் உண்டு. அவை பாறினத்தைச் சேர்ந்த மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவதில்லை. ஆயினும், நீலகிரிச் சாரலையடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் நீர்மருத மரங்களிற் கூடுகட்டி வாழ்கின்றன. கூட்டுக்கு ஒரு முட்டை. குஞ்சு பருவமெய்த ஏறத்தாழ ஐந்தாண்டு. இவ்வாண்டு நம் கல்லூரியில் முதல் வகுப்பிற் சேரும் மாணவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளில், இவ்வாண்டு பொரித்த குஞ்சு முட்டையிடத் தொடங்கியிராது. அதுவரையில் அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த ஊர்களில் மாட்டுக்கு எம்மருந்து போடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அக்குஞ்சின் கதை அமையும்.